மணிகள் வாய் மூடிய வாரம்

திருப்பூரில் இருந்துகொண்டு, போட்டோ எடுக்கிற வேலை என்று சொன்னால் போதும், "பனியன் கம்பெனி கேட்லாக்குங்களா?" என்றுதான் கேட்பார்கள். "இல்லீங்க, நான் போட்டோ எடுக்கற ஆளுங்க துணியே போடமாட்டாங்க" என்று ஒருமுறை ஒரு கல்யாண மண்டபத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா நாற்காலியைச் சத்தமில்லாமல் தள்ளிப் போட்டுக்கொண்டார். அதிலிருந்து, "சாயத்தண்ணி சுத்தம் பண்ற பிளான்ட்ல லேப் வேலைங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

நீங்கள் இப்போதுதான் அதே லேப்பில் சேர்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. தொட்டித் தண்ணீரில் வாழும் ஒற்றைச் செல் உயிர்களைப் படம் எடுப்பதுதான் அங்கே நான் விரும்பிச் செய்த வேலை. கேமராவை எப்படி மாட்டுவது, எந்தத் திருகை எவ்வளவு திருப்புவது என்பதை எல்லாம் பெட்டியோடு வந்த புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். அதில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஓர் ஆயுத பூஜை சமயத்தில் நடந்தது.

தொட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. நம் பிளான்ட் பல சாயப்பட்டறைக்காரர்கள் சேர்ந்து நடத்துவது. கிழக்குப் பக்கத்துப் பட்டறைகளின் கழிவுத் தண்ணீர் கிழக்கு லைன் குழாயில் முதல் தொட்டிக்கு வரும், மேற்குப் பக்கத்தது மேற்கு லைனில் இரண்டாவது தொட்டிக்கு. இரண்டிலும் இரவு பகலாகக் காற்று ஊதிக்கொண்டே இருக்கும். தொட்டிக்குள் பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று சேறு மிதக்கும். பார்க்கச் சகிக்காது. ஆனால் அந்தச் சேற்றில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் அழுக்கைத் தின்றுகொண்டிருக்கின்றன. அவற்றைத் தின்ன இன்னும் கொஞ்சம் பெரிய உயிர்கள் வரும். அதில் ஒரு ஜாதி, மெல்லிய நூலின் நுனியில் மணியை வாய் மேலே பார்க்க வைத்தது போல இருக்கும். வாயைச் சுற்றி மயிரிழைகள் சுழன்று இரையை உள்ளே இழுக்கும். யாராவது இடித்தால் நூல் ஸ்பிரிங் போலச் சுருண்டு, மணி வாயை மூடிக்கொள்ளும். சில நொடிகளில் மறுபடி நிமிர்ந்து வாயைத் திறக்கும். புத்தகத்தில் அதற்கு நீளமான பெயர் உண்டு. நாங்கள் எல்லோரும் அதை மணி என்றே கூப்பிட்டோம். மணி வாயைத் திறந்து வைத்திருந்தால் தொட்டி நலம். அவ்வளவுதான் எங்கள் ஜோசியம்.

அந்த வருஷம் பூஜைக்குக் கொஞ்ச நாள் முன்னால், எங்கள் தலைவர் லேப்புக்கு வந்தார். பூர்வீகத்தில் விவசாயக் குடும்பம், இப்போது பெரிய சாயப்பட்டறை முதலாளி. பிளான்டை நடத்தும் பட்டறைக்காரர்கள் அவரைத்தான் தலைவராக வைத்திருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"ஏனுங் அம்மணி, பம்புக்குப் பொட்டு வெக்கறோம். லாரிக்குப் பொட்டு வெக்கறோம். கக்கூஸ் மோட்டாருக்குக்கூட வெக்கறோம். நம்ம சாயத்தண்ணிய ராப்பகலா திங்கற அந்தச் சீவனுங்களுக்கு மட்டும் ஒண்ணுமே இல்லீங்களா?"

"அதுங்களுக்கு நெத்தி இல்லீங்களே" என்றேன்.

"அப்ப ஒரு போட்டோ எடுத்துக் கொடுங்க. பெருசா, சட்டம் போட்டு. அதுக்கு வெச்சுப்போடலாமுங்க."

சிரித்துக்கொண்டே சரி என்றுவிட்டேன். அவர் போன பிறகுதான் கவலை வந்தது. மைக்ராஸ்கோப்பில் ஒரு நேரத்தில் தெளிவாகத் தெரிவது அப்பளம் அளவுக்குக்கூடத் தடிமன் இல்லாத ஒரு தளம். வாய் தெளிவாக இருந்தால் நூல் புகையாகிவிடும், நூலைப் பிடித்தால் வாய் காணாமல் போகும். சுவரில் மாட்டுகிற படத்துக்கு அது ஆகாது.

எனக்கு வழி சொன்னவர் ஒரு பட்டன் போட்டோக்காரர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, ஏற்றுமதிக் கம்பெனிகளுக்குப் பட்டன், ஜிப், லேபிள் இவற்றை மட்டும் படம் எடுத்துப் பிழைக்கிறவர். என்னைவிட வயதில் சின்னவர். முகத்தை மட்டும் எடுக்கவே மாட்டார். "மூஞ்சிக்காரங்க மறுநாள் வந்து சண்டை போடுவாங்கக்கா. பட்டன் வராது" என்பார். பட்டனை அருகில் வைத்து எடுத்தால் அவருக்கும் இதே தொல்லைதான். அதற்கு அவர் செய்வது அடுக்கு எடுப்பது. போகஸை மேலிருந்து கீழாக இம்மி இம்மியாக நகர்த்தி, ஒரே பொருளை வரிசையாகப் பல படம் எடுப்பார். பிறகு கம்ப்யூட்டர் ஒவ்வொரு படத்திலும் தெளிவாக இருக்கிற இடத்தை மட்டும் பொறுக்கி ஒன்றாகச் சேர்த்துவிடும். கடைசியில் கிடைக்கும் ஒரே படத்தில் எல்லா இடமும் பளிச்சென்று இருக்கும்.

"ஆனா ஒண்ணுக்கா" என்றார். "படம் மோசமா வந்தா கவலைப்படாதீங்க, திரும்ப எடுத்துக்கலாம். ரொம்ப அருமையா வந்துச்சுன்னா, அப்பதான் ஒவ்வொரு படமா தள்ளித் தள்ளிப் பாக்கணும்."

ஏன் என்று கேட்டேன். ஒரு சட்டைப் பட்டனுக்கு அவர் அடுக்கு எடுத்துக்கொண்டிருந்தபோது ஓர் எறும்பு அதன் மேல் நடந்து போயிருக்கிறது. இருந்தது ஒரே எறும்பு. கம்ப்யூட்டர் அது போன வழியெல்லாம் அதைத் தெளிவாகக் கண்டுபிடித்து, பட்டன் மேல் ஓர் எறும்பு ஊர்வலத்தையே நடத்திவிட்டது. இவர் பளபளப்பில் மயங்கி அப்படியே அனுப்பிவிட்டார். சட்டை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து பதில் வந்ததாம், ஒரு சட்டைக்கு எத்தனை எறும்பு தருவீர்கள் என்று.

மணியோ எறும்பைவிடப் பொல்லாதது. நான் திருகைத் தொட்டாலே சுருண்டுகொள்ளும். பக்கத்து ரூமில் யாராவது தும்மினால் சுருண்டுகொள்ளும். பிரிண்டிங் யூனிட்டில் சாயத்தைக் கெட்டியாக்கப் போடும் கோந்தைக் கொஞ்சம் வாங்கி வந்து, ஸ்லைடில் துளியூண்டு கலந்தேன். தேனில் விழுந்த ஈ மாதிரி எல்லாம் நிதானத்துக்கு வந்தன. ஆனாலும் எடுத்த அடுக்குகளில் ஒரு மணிக்கு இரண்டு வாய் வந்தது. இன்னொன்றுக்கு நூல் மட்டும் இருந்தது, தலை இல்லை. பிளான்ட் மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டு, "பூஜைக்கு வேண்டாமுங்க மேடம், திருஷ்டிக்கு மாட்டலாம்" என்றார்.

பூஜைக்கு முந்தின நாள் காலை, கிழக்குத் தொட்டியிலிருந்து எடுத்த துளியில் ஒரு கொத்து மணிகள் கிடைத்தன. சேற்றுத் துணுக்கு ஒன்றிலிருந்து பூச்செண்டு போலக் கிளம்பி நின்றன. மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுக்கு எடுத்தேன். கம்ப்யூட்டர் சேர்த்துக் கொடுத்ததைப் பார்த்ததும் எனக்கே கண் விரிந்துவிட்டது. ஒவ்வொரு மணியும் வாய் திறந்து, மயிரிழை வரிசை தெரிய, நூல் கடைசி வரைக்கும் தெளிவாக. அந்த லேப்பில் அதற்கு முன் அப்படி ஒரு படம் வந்ததில்லை.

சட்டம் போடுகிறவருக்கு போன் செய்யக் கையை நீட்டியபோது எறும்பு ஊர்வலம் ஞாபகத்துக்கு வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று தனித்தனிப் படங்களைத் தள்ளிப் பார்த்தேன். குறுக்கே ஏதாவது நீந்திப் போயிருக்கும் என்றுதான் நினைத்தேன்.

முதல் சில படங்களில் மணிகள் திறந்திருந்தன. பிறகு ஒன்று மூடியது. அடுத்தது மூடியது. கடைசிப் படத்துக்குப் போவதற்குள் ஏறக்குறைய எல்லாமே மூடிவிட்டன. சுருண்டு மறுபடி நிமிர்ந்தது ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு மணியும் திறந்திருந்த ஏதோ ஒரு கணத்தைக் கம்ப்யூட்டர் பொறுக்கி எடுத்து, எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் சிரிப்பது போலக் காட்டியிருந்தது. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்த்தேன். ஸ்லைடில் அமைதி. இழவு வீட்டு அமைதி.

மேனேஜருக்கு போன் போட்டேன். பதற்றத்தில் யோசிக்காமல் பேசிவிட்டேன். "சார், மணி சுருண்டு கிடக்கறான். வாயே திறக்கல. சீக்கிரம் வாங்க."

எங்கள் பிளான்டில் வால்வு ஆபரேட்டர் ஒருவர் பெயரும் மணி. மேனேஜர் கையில் குளுக்கோஸ் பாக்கெட்டோடு ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவரும் மூச்சு வாங்க ஓடி வந்தார். சாட்சாத் மணிதான். "யாருங் மேடம் சுருண்டது?" என்று அவரே கேட்டார். மேனேஜர் திரும்பி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குளுக்கோஸ் பாக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் நம்பவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். மீட்டர் எல்லாமே நல்லதைத்தான் காட்டியது. "அமிலம், காரம் சரியா இருக்குங்க. சூடு சரியா இருக்குங்க. ஆக்சிஜனப் பாருங்க, இந்த மாசத்துலயே இன்னிக்குத்தான் இவ்வளவு நல்லா ஏறியிருக்கு."

அந்தக் கடைசி வார்த்தையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். "கல்யாணப் பந்தியில இலையில போட்ட சோறு அப்படியே கிடந்தா, சமையல் பிரமாதம்னுங்களா சார் அர்த்தம்? ஆக்சிஜன் மீந்து நிக்குதுன்னா, மூச்சு விட ஆளில்லைன்னு அர்த்தம்."

அவர் மீட்டரை இன்னொரு முறை பார்த்தார். பிறகு நிதானமாக ஒரு கேள்வி கேட்டார். "நீங்க கோந்து போட்டீங்களே. அதனால மூடியிருந்தா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அது நான் என்னையே முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. விளக்குச் சூட்டில் நானே வாட்டியிருக்கலாம், கோந்தில் நானே மூச்சு முட்ட வைத்திருக்கலாம். அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன்: கெட்ட செய்தி கிடைத்தால், அதில் நம் கைவரிசை எவ்வளவு என்று முதலில் பாருங்கள்.

கிழக்குத் தொட்டியிலிருந்து கோந்து போடாமல் புதுத் துளி எடுத்தோம். எல்லாம் மூடியே இருந்தன. மேற்குத் தொட்டித் துளியில் கோந்து போட்டோம். மணிகள் கொஞ்சம் சலித்துக்கொண்டன, ஆனால் திறந்துதான் இருந்தன. ஆக, கோந்து நிரபராதி. பிறகு மேற்குத் தொட்டியின் நல்ல மணிகள் இருந்த புதுத் துளியின் ஓரத்தில், கிழக்கு லைனில் அப்போது வந்துகொண்டிருந்த தண்ணீரை ஒரு சொட்டு விட்டேன். மேனேஜரைக் கண் வைத்துப் பார்க்கச் சொன்னேன். அவர் குனிந்தார். "திறந்திருக்குங்க... திறந்திருக்குங்க... சுருண்டுச்சு. அதுவும் சுருண்டுச்சு..." நிமிர்ந்தவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

கிழக்கு லைனை நிறுத்த வேண்டும். சொல்வது சுலபம். பூஜைக்கு லீவு விடுவதற்குள் ஆர்டரை முடிக்க எல்லாப் பட்டறையும் ஓடிக்கொண்டிருந்தது. லைனை நிறுத்தினால் அவர்கள் தண்ணீர் வெளியே போக வழியில்லை, மெஷினில் துணி பாதிச் சாயத்தில் நிற்கும். அந்த லைனிலேயே பெரிய பட்டறை தலைவருடையது.

தலைவர் நேரில் வந்தார். அவர் கண்ணில் முதலில் பட்டது கம்ப்யூட்டரில் திறந்திருந்த அடுக்குப் படம். முகம் மலர்ந்துவிட்டது. "அடடா! இதானுங்களா நம்ம ஆளுங்க? இத்தன அழகா இருக்கறப்ப எதுக்குங்க லைன நிறுத்தோணும்?"

நான் தனிப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். திறந்தவை மூடுவதையும், மூடியவை திறக்காததையும் பார்த்தார். இரண்டாம் முறை தள்ளச் சொன்னார். மலர்ச்சி போய்விட்டது.

"அப்ப அந்தப் பெரிய படம் பொய்யிங்களா?"

"பொய் இல்லீங்க. ஒவ்வொரு மணியும் அப்படி வாயத் திறந்தது நெசம். எல்லாம் ஒண்ணா திறந்திருந்ததா தெரியுது பாருங்க, அதுதான் நடக்கல."

"நீங்க சொல்றது தப்பா இருந்துதுன்னா?"

நூற்றுக்கு நூறு உறுதி என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அழுக்கு அளக்கும் சோதனை முடிய மத்தியானம் ஆகிவிடும். அதற்குள் தொட்டி முழுக்க அந்தத் தண்ணீர் போய்ச் சேர்ந்துவிடும். எதில் நஷ்டம் அதிகம் என்றுதான் யோசிக்க முடிந்தது.

"நான் தப்புன்னா உங்க துணி லேட்டாகும். என்னை நீங்க திட்டலாம். நான் சொல்றது சரியா இருந்து நாம நிறுத்தாம விட்டோம்னா, தொட்டி செத்துரும். புதுசா வளர்த்தெடுக்கப் பல வாரம் ஆகும். அதுவரைக்கும் இந்த லைன்ல ஒரு பட்டறைகூட ஓடாதுங்க."

அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். தொட்டியில் நுரை ஏறி இறங்குவதைப் பார்த்தார். பிறகு போனை எடுத்துத் தன் சாய மாஸ்டரைக் கூப்பிட்டார். "தண்ணி விடறத நிறுத்து. ஆமா, இப்பவே. மொதல்ல நம்மளுத நிறுத்து, அப்பறம் நான் மத்தவங்களக் கூப்பிடறேன்." மறுமுனையில் மாஸ்டர் ஏதோ கத்தினார். "துணி கெடந்தா கெடக்குதப்பா" என்று சொல்லி வைத்துவிட்டார். தலைவரே தன் பட்டறையை நிறுத்திய பிறகு வேறு யாரும் வாயைத் திறக்கவில்லை.

கிழக்கு லைன் பட்டறைகளுக்கு மேனேஜர் வரிசையாக போன் போட்டார். ஒரு சின்னப் பட்டறையின் ஸ்டோர் கீப்பர் வெகு உற்சாகமாகப் பதில் சொன்னாராம்: "ஆமாங்க சார், பூஜைக்கு ஸ்டோர் ரூமெல்லாம் கழுவி உட்டோமுங்க. காலாவதியான சாப்ட்னர் டிரம் நெறைய கெடந்துச்சு. எல்லாம் சுத்தமா கொட்டிட்டோம். பளபளன்னு இருக்குங்க. வந்து பாக்கறீங்களா?" துணியை மெதுமெதுவென்று ஆக்கப் போடும் அந்தத் திரவத்தின் ஒரு வகை, மணிகளுக்கு நஞ்சு. சரஸ்வதிக்காகச் சுத்தம் செய்தவர் எங்கள் மணிக் குடும்பத்தைக் கூண்டோடு அனுப்பப் பார்த்திருக்கிறார்.

சாயங்காலம் அந்தப் பட்டறை முதலாளியே வந்தார். இளம் வயது, வெலவெலத்துப் போயிருந்தார். கையில் பொரி, கடலைப் பொட்டலம். "எந்தக் கண்ணாடியில பாத்துங்க மன்னிப்புக் கேக்கறது?" என்றார். கிண்டல் செய்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை, மெய்யாகவே கேட்டார். மைக்ராஸ்கோப்பில் பார்க்கவிட்டேன். வெகுநேரம் குனிந்தே இருந்தார். பிறகு, பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் பட்டறையிலிருந்து எந்த டிரம்மைக் கழுவுவதாக இருந்தாலும் லேப்புக்கு ஒரு போன் வந்துவிடும். காலி டிரம்மாக இருந்தாலும் வரும்.

மறுநாள் பூஜை. தலைவர் விடுவதாக இல்லை. "அந்த அழகான படத்தையே மாட்டிப்போடலாமுங்க அம்மணி. மாலையும் வாங்கியாச்சு" என்றார். நான் மறுப்பதற்கு முன்னால், லேப் கூட்டுகிற அக்கா முந்திக்கொண்டார். "போட்டோவுக்குப் பொட்டு வெச்சு மாலை போட்டா, எறந்தவங்கன்னு ஆயிடாதுங்களா சாமி? அதுங்க இன்னும் இழுத்துக்கிட்டுத்தானே கெடக்குதுங்க?"

தலைவர் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் அது காற்று ஊதும் மெஷினுக்குப் போனது. மைக்ராஸ்கோப்பின் கழுத்தில் சந்தனம் வைத்தோம். லென்ஸில் வைக்க வந்த மேனேஜரின் கையை நான் பிடித்துக்கொண்டேன்.

பிறகு காத்திருந்த நாட்கள். மேற்குத் தொட்டிச் சேற்றை டேங்கரில் கொண்டுவந்து கிழக்கில் கலந்தோம். காற்றை நிறுத்தாமல் ஊதினோம். தினமும் போன் வரும். "மணி எந்திரிச்சாச்சுங்களா?" "மணி இன்னிக்கு எப்படிங்க?" இந்தப் போன்களை எல்லாம் முதலில் எடுத்தது வால்வு ஆபரேட்டர்தான். "நான் நல்லா இருக்கேனுங்க" என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சலித்துப் போனார்.

எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நான் பார்த்தது சரி என்று தெரிந்துவிட்டது, ஆனால் சரியாகச் சொன்னதால் மட்டும் தொட்டி பிழைத்துவிடாது. ஒவ்வொரு காலையும் துளி எடுப்பேன். மூடிய மணிகள், அறுந்த நூல்கள். வந்து சேர்ந்த மேற்கத்திய மணிகளும் முதலில் வாயை மூடி முறைத்துக்கொண்டே இருந்தன.

ஒரு காலையில் கண்ணை வைத்தேன். மேனேஜர் பின்னால் நின்றார், காதில் போன். மறுமுனையில் வால்வு ரூம். அதற்குப் பின்னால் கிழக்கு லைன் மொத்தமும் காத்திருந்தது. ஸ்லைடின் ஓரத்தில் ஒரு சின்ன மணி. நூல் குட்டை, இப்போதுதான் முளைத்தது போல. அது மெதுவாக நிமிர்ந்தது. வாயைக் கொஞ்சம் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. மயிரிழைகள் சுழல ஆரம்பித்தன. பக்கத்தில் மிதந்த துகள்கள் வரிசையாக அந்த வாய்க்குள் போயின. பக்கத்தில் இன்னொன்று நிமிர்ந்தது. அதற்கப்பால் இன்னொன்று.

"என்னங்க மேடம்? என்னங்க ஆச்சு?"

"சாப்பிடுதுங்க" என்றேன்.

"சாப்பிடறாங்களாமா" என்று மேனேஜர் போனில் சொன்னார். "கொஞ்சமா திறந்து விடுங்க. கொஞ்சமா."

கீழே எங்கோ பம்பு உறுமிக் கிளம்பியது. ஸ்லைடு லேசாக அதிர்ந்தது. மணிகள் எல்லாம் படக்கென்று சுருண்டன. நாங்கள் இருவரும் மூச்சு விடவில்லை. ஒவ்வொன்றாக மறுபடி நிமிர்ந்து, விட்ட இடத்திலிருந்து சாப்பிட ஆரம்பித்தன.

"இத போட்டோ புடிச்சீங்களா மேடம்?" என்று மேனேஜர் கேட்டார்.

அப்போதுதான் கவனித்தேன். கேமராவையே நான் போடவில்லை.